பேஸ்மேக்கரும் வீட்டு மின்சாதனங்களும்: எதைத் தொடலாம், எதைத் தள்ளி வைக்கலாம்?

இணைய இழையில் சேலத்து வாசகரின் கேள்வி. 11 பிப்ரவரி 2023

அப்பாவுக்கு வயது 71. பேஸ்மேக்கர் பொருத்தி மூன்று வாரங்கள் ஆகின்றன. மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது "மின்சாதனங்களிடமிருந்து விலகியே இருங்கள்" என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் அவர் டிவி ரிமோட்டைக்கூடத் தொடுவதில்லை. வைஃபையை அணைத்துவிட்டோம். அம்மா மிக்ஸி போடும்போது எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். தொடவே கூடாத சாதனங்கள் எவை என்று ஒரு பட்டியல் கிடைக்குமா?

பதில். 11 பிப்ரவரி 2023, இரவு 9.40

எனக்கு 2018 முதல் இடது காறையெலும்புக்குக் கீழே ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. அதற்கு முன் மின்வாரியத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், எனக்குள் வைத்த இந்த மின்சாதனத்தைப் பற்றி மருத்துவரைத் தொல்லைப்படுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்.

நீங்கள் கேட்கும் பட்டியலை எழுதினால் அதில் வீட்டுப் பொருள் ஏதும் அநேகமாக இருக்காது. எந்தச் சாதனம் என்பதைவிட எவ்வளவு தூரம் என்பதுதான் இங்கே கணக்கு. கைப்பேசி, மிக்ஸி, வைஃபை ரூட்டர், முடி உலர்த்தி, மின்சவர ரேசர் ஆகியவற்றுக்குப் பேஸ்மேக்கர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்வது 15 செ.மீ. நம் வீட்டுக் கணக்கில் ஒரு சாண் என்று வைத்துக்கொண்டால் அதைவிடச் சில அங்குலம் கூடுதலாகவே கிடைக்கும். ஓடும் கார் எஞ்சினுக்கும் மின்தடையின்போது ஓடும் இன்வெர்ட்டருக்கும் 30 செ.மீ., அதாவது ஓரடி. இண்டக்ஷன் அடுப்புக்கு 60 செ.மீ.; ஒரு முழமும் ஒரு சாணும் அதற்குத் தாராளம். தூரத்தை அளக்க வேண்டியது கையிலிருந்தோ முகத்திலிருந்தோ அல்ல, தோலுக்கடியில் அந்தப் பெட்டி இருக்கும் இடத்திலிருந்து.

ரிமோட்டை அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். அதிலிருந்து வருவது அகச்சிவப்பு ஒளி; பேஸ்மேக்கருக்கு அது தெரியவே தெரியாது.

12 பிப்ரவரி 2023, காலை 6.15

நேற்று தூரத்தைச் சொன்னேனே தவிரக் காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் தெரியாதவரை அப்பா திண்ணையை விட்டு உள்ளே வரமாட்டார்.

பேஸ்மேக்கர் இதயத்தை எப்போதும் தட்டிக்கொண்டிருக்கும் கருவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் வேலையில் பாதி காது கொடுத்துக் கேட்பது. இதயத்தின் கீழறை தானாகத் துடிக்கும்போது சில மில்லிவோல்ட் அளவில் ஒரு மின்குறி எழுகிறது. அது வந்தால் பேஸ்மேக்கர் சும்மா இருக்கும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் ஒரு தட்டுத் தட்டும். வெளியிலிருந்து வரும் ஒரு மின்னிரைச்சலை இதயத்தின் குரல் என்று அது தவறாக எடுத்துக்கொண்டால், தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாமல் இருந்துவிடும். சொந்தத் துடிப்பே இல்லாதவருக்கு அந்தச் சில நொடிகளில் தலை சுற்றும், கண் இருட்டும். இரைச்சல் விடாமல் வந்தால் அது இரைச்சல்தான் என்று கண்டுகொண்டு, கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே சீராகத் தட்டத் தொடங்கும் ஏற்பாடும் இக்காலக் கருவிகளில் உண்டு.

இவை இரண்டும் சாதனத்துக்கு மிக அருகில் இருந்தால்தான் நடக்கும். விலகினால் கருவி தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடும், கெட்டுப்போவதில்லை. அப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

12 பிப்ரவரி 2023, மாலை

மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு பழங்கதை இருக்கிறது. உடலுக்குள் முழுமையாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் அதை ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து எபாக்சி பிசினில் வார்த்தார். சில மணி நேரம்தான் ஓடியது. பிசினுக்கு மின்காந்த அலையைத் தடுக்கும் குணம் கிடையாது என்பதால் அந்தக் காலத்துக் கருவிகளுக்கு மைக்ரோவேவ் அடுப்பு உண்மையிலேயே ஓர் எதிரியாக இருந்தது. வெளிநாட்டு உணவகங்களில் எச்சரிக்கைப் பலகைகூட மாட்டினார்கள். பிறகு டைட்டானியக் கூடும் உள்ளே வடிகட்டிகளும் வந்தன. பலகைகள் போய்விட்டன, பயம் மட்டும் தங்கிவிட்டது. கதவு ஒழுங்காக மூடும் மைக்ரோவேவ் அடுப்புக்குச் சாண் தூரம் போதும். லார்சன் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார்.

15 பிப்ரவரி 2023

கைப்பேசியைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டேன். சட்டைப் பையை மறந்துவிட்டேன்.

நம் ஊரில் ஆண்கள் கைப்பேசியை வைக்கும் இடம் இடது சட்டைப் பை. பேஸ்மேக்கர் பொதுவாக இருக்கும் இடம் அதற்கு நான்கு விரற்கடை மேலே. பேசும்போது வலக்காதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்; பேசாதபோது நாள் முழுவதும் அது எங்கே கிடக்கிறது என்று கேட்பவர் இல்லை. நான் என் தையற்காரரிடம் போய்ப் பையை வலப்பக்கம் வைத்துத் தைக்கச் சொன்னேன். "இடக்கைப் பழக்கமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொன்னால் அவர் தையல் மிஷினை அணைத்துவிடுவாரோ என்று பயம்.

16 பிப்ரவரி 2023

திருத்தம். குனிந்து செருப்பு மாட்டும்போது வலப்பைக் கைப்பேசி நடுமார்புக்கு ஊசலாடி வந்துவிடுகிறது. பையே இல்லாத சட்டைதான் சரி. இப்போது கைப்பேசி கால்சட்டைப் பையில். வேட்டி கட்டிய நாளில் கையில்.

2 மார்ச் 2023

இண்டக்ஷன் அடுப்புக்கு 60 செ.மீ. என்றால் சமைக்கவே முடியாதே என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் சமையலறையில் டேப் வைத்து அளந்தேன். மேடை தரையிலிருந்து 85 செ.மீ.; நான் நேராக நிற்கும்போது பேஸ்மேக்கர் இருக்கும் உயரம் 130 செ.மீ. செங்குத்தாக வித்தியாசம் 45. அடுப்பை மேடையின் பின்பக்கமாகத் தள்ளி, என் மார்புக்கும் அடுப்புக்கும் இடையே கிடைமட்டமாக 40 செ.மீ. விட்டால் கர்ணம், அதாவது சாய்வான நேர்தூரம், 60 வந்துவிடுகிறது. பள்ளியில் படித்த பிதகோரஸ் இந்த வயதில் ரசம் வைக்க உதவுகிறார்.

ஆகவே நின்று சமைக்கலாம். குனிந்து வாசனை பார்ப்பதுதான் கூடாது. சிறிய பாத்திரத்தைப் பெரிய வட்டத்தின் ஓரமாக வைத்தால் வெளியே கசியும் காந்தப்புலம் கூடும் என்பதால், வட்டத்தை நிறைக்கும் பாத்திரத்தை நடுவில் வைக்க வேண்டும். பாத்திரத்தைக் கையால் தொட்டுக்கொண்டே நிற்கவும் வேண்டாம், மரக்கரண்டி நல்லது. கேஸ் அடுப்பு உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை ஏதும் இல்லை.

4 மார்ச் 2023

என் மனைவி மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "ஐந்தடிக்காரி சமைத்தால் உங்கள் கர்ணம் எங்கே போகும்?" என்று கேட்டாள். என் உயரத்தை ஊருக்கெல்லாம் பொதுவாக்கிவிட்டேன். ஐந்தடி உயரமுள்ளவருக்குப் பெட்டி 118 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்று கொண்டால் செங்குத்து வித்தியாசம் 33தான். கிடைமட்டமாக 50 விட வேண்டும். அவரவர் உயரத்துக்கு அவரவர் அளந்துகொள்ளவும்.

19 மார்ச் 2023, இரவு

இது எனக்கே நடந்தது. கழுத்தில் மாலைபோல் தொங்கும் நெக்பேண்ட் இயர்போனைப் பேரன் வாங்கிக் கொடுத்திருந்தான். பயன்படுத்தாதபோது இரு முனைகளும் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு மார்பில் கிடக்கும். அப்படியே கிரிக்கெட் பார்த்துக்கொண்டு ஈசிச்சேரில் சாய்ந்திருந்தேன். நெஞ்சில் லேசான படபடப்பு. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நாடித்துடிப்பு 68, 71, 69 என்று ஆடிக்கொண்டே இருக்கும். அன்று 85. ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன், 85 அசையவே இல்லை. இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். இரண்டு மூச்சு விடுவதற்குள் 72, 70.

மறுநாள் மருத்துவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வளையக் காந்தத்தை எடுத்துக் காட்டினார். மேலே காந்தம் வந்தால் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் தட்ட வேண்டும் என்று பேஸ்மேக்கரைத் தயாரிக்கும்போதே அமைத்துவிடுகிறார்கள். அந்த வேகம் நிறுவனத்துக்கு நிறுவனம் 85, 90, 100 என்று மாறும். பேட்டரி தீரும் தறுவாயில் அந்த எண் மாறுவதை வைத்தே மாற்றும் காலத்தை அறிவார்கள். மருத்துவருக்காகத் திறந்து வைத்த வாசல் வழியாக என் இயர்போன் நுழைந்துவிட்டது. 2008இல் அமெரிக்காவில் இதயக் கருவி பொருத்திய 60 பேரிடம் இயர்போன்களை மார்பின்மேல் வைத்துச் சோதித்தபோது சுமார் கால்வாசிப் பேரிடம் கருவியின் போக்கு மாறியது, 3 செ.மீ. தள்ளியதும் சரியாகிவிட்டது.

காந்தப் பட்டை வைத்த கைப்பேசி உறை, காந்தத்தால் சட்டையில் ஒட்டும் பெயர்ப்பட்டி, ஒரு காலத்தில் வீடு வீடாக விற்றுக்கொண்டு வந்த காந்தப் படுக்கை ஆகியவை எல்லாம் இதே வகைதான். மற்றவற்றுக்குத் தூரம் போதும். காந்தப் படுக்கையில் தூரத்துக்கு வழியில்லை, விட்டுவிட வேண்டியதுதான்.

21 மார்ச் 2023

திருச்சி அன்பர் தம் அண்ணனுக்கு இருப்பது ஐ.சி.டி. என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் மேலே நான் சிரித்துக்கொண்டே எழுதியதை அவர் சிரித்துக்கொண்டு படிக்கக் கூடாது. ஐ.சி.டி. என்பது ஆபத்தான வேகத்தில் இதயம் ஓடும்போது அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் கருவி. அதன்மேல் காந்தம் வந்தால் அந்தக் காவல் பொதுவாக நின்றுவிடுகிறது. நாடித்துடிப்பில் எந்த மாற்றமும் தெரியாது. என்னுடையதுபோல் 85 என்று காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. முதுகில் காந்த வளையத்தோடு 2020இல் வந்த ஐபோன் 12ஐ மார்பில் வைத்தபோது ஐ.சி.டி. ஒன்று அப்படி நின்றதை 2021 ஜனவரியில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். ஆப்பிள் நிறுவனமும் 15 செ.மீ. தள்ளி வைக்கவும், கம்பியில்லாமல் சார்ஜ் ஆகும்போது 30 செ.மீ. தள்ளி வைக்கவும் சொல்கிறது. அவர் சட்டைப் பையை இன்றே தைத்து மூடிவிடுவது நல்லது.

9 ஏப்ரல் 2023

விமான நிலைய உலோகச் சோதனை வாசல், மீனாட்சியம்மன் கோயில் உலோகச் சோதனை வாசல், துணிக்கடைத் திருட்டுத் தடுப்புக் கதவு ஆகிய மூன்றுக்கும் ஒரே பதில்: நிற்காமல், சாயாமல், இயல்பான நடையில் கடந்து போகலாம். கடைகளில் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் மட்டும் உட்கார வேண்டாம். கையில் பிடித்துச் சோதிக்கும் கருவியைப் பெட்டியின்மேலேயே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. பேஸ்மேக்கர் அடையாள அட்டையைக் காட்டினால் கையால் தடவிப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். ஒருமுறை அட்டையை வாங்கிப் பார்த்த காவலர், "எத்தனை அடைப்பு சார், ஸ்டென்ட் எத்தனை?" என்று விசாரித்தார். எனக்கு அடைபட்டது ரத்தக் குழாய் அல்ல, மின்பாதை என்று வரிசையில் நின்றுகொண்டு விளக்க முடியவில்லை.

14 மே 2023

கத்திரி வெயிலில் எழுத உட்கார்ந்த காரணம் இதுதான். இத்தனை நாள் எல்லோரும் அலைகளைப் பற்றியே கேட்கிறீர்கள். நானும் அதற்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் வீடுகளில் நான் உண்மையில் பயப்படுவது கம்பி வழியாக, கை வழியாக வரும் மின்கசிவுக்குத்தான்.

சலவை இயந்திரத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது, ஃபிரிட்ஜின் கைப்பிடி ஈரக்கையில் பிடிக்கிறது, ஹீட்டர் போட்டால் குழாயில் வரும் தண்ணீரே லேசாக அடிக்கிறது என்று எத்தனை வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன்! செருப்புப் போட்டுக்கொண்டு தொடு என்று சொல்லிவிட்டு அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். மற்றவருக்கு அது சுருக்கென்பதோடு போகலாம். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு அந்த மின்சாரம் கையில் ஏறி மார்பைக் கடந்து காலில் இறங்கும்போது நொடிக்கு ஐம்பது சுற்றாகக் கருவியின் காதுக்குள்ளேயே போய்ப் பேசுகிறது. தொலைவில் உள்ள வைஃபை ரூட்டர் செய்ய முடியாததை இது செய்யும். உடலில் உணர முடியாத அளவுக் கசிவைக்கூடக் கருவி உணர்ந்துவிடலாம். எர்த் (கசிவை மண்ணுக்குக் கடத்தும் இணைப்பு) சரியில்லாத சலவை இயந்திரத்தாலும் குளியலறைக் கசிவாலும் ஐ.சி.டி. தேவையில்லாமல் அதிர்ச்சி கொடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

மூன்று முள் பிளக்கில் எர்த்துக்கான தடித்த முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் துளையில் செருகும் பழக்கத்தை நான் வேலை பார்த்த காலத்தில் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். சேலத்து அன்பர் வைஃபையை அணைத்த கையோடு அந்த முட்களை எண்ணிப் பார்த்திருந்தால் அப்பாவுக்கு உண்மையான உதவி செய்தவராவார். மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்திவிட்டால் கவலை விட்டது.

15 மே 2023

கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதுதான் காரணம்.

வீடுகளில் போடும் ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர் அளவுக்கானது. உயிர் போகாமல் காப்பது அதன் வேலை. உடலில் சுருக்கென்று உணர ஒரு மில்லிஆம்பியருக்குக் குறைவே போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கசிவை ஆர்சிசிபி கண்டுகொள்ளாது, பேஸ்மேக்கர் கண்டுகொள்ளும். அந்தச் சிறு கசிவை உடலுக்கு வராமல் மண்ணுக்குக் கடத்துவது எர்த் கம்பி மட்டுமே. ஆகவே ஆர்சிசிபியும் வேண்டும், எர்த்தும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது எதற்கு என்று கேட்கக் கூடாது. முப்பத்தொரு ஆண்டு அனுபவம் உள்ளவன் நேற்று எழுதியதைப் பார்த்து என் பழைய உதவிப் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டாதது என் அதிர்ஷ்டம்.

28 மே 2023

எர்த் சரியாக இருப்பதை எப்படி அறிவது என்று கேட்டால், டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அது தூண்டல் மின்சாரத்துக்கும் மினுக்கும். நல்ல எலெக்ட்ரீஷியன் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எரியவிட்டுப் பார்த்து, பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எரியவிடுவார். ஒளி ஒரேபோல் இருக்க வேண்டும். மங்கினால் எர்த் சரியில்லை. ஆர்சிசிபி இருந்தால் இந்தச் சோதனையில் அது விழுந்துவிடும், அதை அறிந்தவரைக் கூப்பிடுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர் தாமே இதைச் செய்ய வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது.

6 ஜூலை 2023

கோவையிலிருந்து பட்டறைக்காரர் ஒருவர்: ஆர்க் வெல்டிங் செய்யலாமா? அப்படியே ஆம் என்று சொல்ல முடியாத சில கேள்விகளில் இது ஒன்று. நிறுவனத்துக்கு நிறுவனம் 130 முதல் 160 ஆம்பியர் வரை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழேயும் பொறியிலிருந்து 60 செ.மீ. தள்ளி, உலர்ந்த கையுறையும் காலணியும் போட்டு, கேபிளைத் தோளில் சுற்றாமல் செய்ய வேண்டும். உங்கள் கருவிக்கு என்ன வரம்பு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

30 ஜூலை 2023

வீட்டுச் சாதனம் இல்லை, ஆனாலும் இதை எழுதாமல் விடக் கூடாது. கழுத்து வலிக்கு "கரண்ட் வைத்துக்கொள்ள" ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் சட்டையைக் கழற்றச் சொன்னார், இடது தோளில் இருந்த தழும்பைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. மின்னலையால் உடலுக்குள் சூடேற்றும் ஷார்ட் வேவ் டயாதெர்மி இயந்திரத்தின் தட்டைக் கழுத்துக்குக் கொண்டுவந்தார். நானே சொல்லித்தான் நிறுத்தினேன். டயாதெர்மி பேஸ்மேக்கர் உள்ளவருக்குக் கூடவே கூடாது. இதயத்துக்குள் போகும் கம்பியின் முனை சூடாகித் திசுவைச் சுட்டுவிடும். டென்ஸ் போன்ற மின்தூண்டல் சிகிச்சைகளையும் இதய மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடத்துக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. வேறு கதை. அதற்கு ஏற்ற பேஸ்மேக்கர்கள் இப்போது உண்டு. பெட்டி மட்டுமல்ல, கம்பியும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், எடுக்கும் முன் கருவியை அதற்கான நிலைக்கு மாற்ற வேண்டும்.

17 செப்டம்பர் 2023

கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று காட்டும் எடை இயந்திரம் பாதத்தின் வழியாகச் சிறு மின்சாரத்தை உடலுக்குள் அனுப்பித்தான் அளக்கிறது. நிறுவனங்களே வேண்டாம் என்கின்றன. முள் ஆடும் பழைய தராசு என் எடையைப் போதுமான அளவு கொடுமையாகவே காட்டுகிறது.

18 செப்டம்பர் 2023, மாலை

சேலத்து அன்பர் எழுதியிருக்கிறார்: எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்ததில், சலவை இயந்திரத்தின் சாக்கெட்டில் எர்த் துளை இருந்ததாம், பின்னால் கம்பியே இல்லையாம். இப்போது இழுத்துவிட்டார்கள். அப்பா திண்ணையிலிருந்து உள்ளே வந்துவிட்டார், ரிமோட்டை யாரிடமும் கொடுப்பதில்லை என்பதே புதிய புகாராம்.

அதைப் படித்த பிறகுதான் நான் செய்யாமல் விட்டது உறைத்தது. ஊருக்கெல்லாம் பிளக் முள்ளை எண்ணச் சொன்னவன் தன் வீட்டுச் சலவை இயந்திரத்தை இழுத்துப் பார்க்கவில்லை. நேற்று அண்டை வீட்டு எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். கம்பி இருந்தது. பல்பு நியூட்ரலில் பளிச்சென்று எரிந்தது. எர்த்தில் சாணி மெழுகிய அறையின் அகல்விளக்குபோல் எரிந்தது. குழியைத் திறந்தால் உள்ளே குழாய் துருப்பிடித்துப் பாதியில் இற்றுப்போயிருந்தது. 1994இல் நானே நின்று புதைத்தது. புதுக் குழாயும் இரண்டு மூட்டை கரியும் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வரும். அதுவரை இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி மேலே வைத்திருக்கிறேன், துணியை மனைவி கல்லில் துவைக்கிறாள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இழையில் இன்று என்ன எழுதினீர்கள்?" என்று கேட்கிறாள்.